மருந்துப் பிளாஸ்டரை உறுத்தாமலும் கையாள எளிதாகவும் வடிவமைக்க எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மருந்தாக்கமோ பொருள் வடிவமைப்போ படிக்கின்ற மாணவராக இருப்பார் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் வைத்தியரும் அல்ல, மருந்தாளரும் அல்ல. திருகோணமலையில், மறதி நோயுள்ள என் தாயாரின் முதுகில் நாள்தோறும் ஒரு மருந்துப் பிளாஸ்டரை ஒட்டி, முந்திய நாள் ஒட்டியதை உரித்தெடுக்கின்ற மகள். அந்தத் தகுதியில் மட்டுமே பேசுகிறேன். ஆனால் அது சிறிய தகுதி என்று நான் நினைக்கவில்லை. இவற்றை உருவாக்குபவர்கள் தோலை ஆராய்கிறார்கள், பசையை ஆராய்கிறார்கள், மருந்து எந்த வேகத்தில் உட்செல்கிறது என்று அளக்கிறார்கள். ஒட்டுகின்ற கையையும் உரிக்கின்ற கையையும் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே என் மனக்குறை.

அம்மாவுக்கு முதலில் ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து குளிசையாகத் தரப்பட்டது. குமட்டலும் வாந்தியும் தாங்க முடியாமற் போகவே, வைத்தியர் அதே மருந்தைத் தோல் வழியாக உட்செல்லும் பிளாஸ்டராக மாற்றினார். குருதியில் திடீரென ஏறாமல் சீராகச் சேர்வதால் வயிற்றுத் தொல்லை பெரிதும் குறைந்தது. அந்த வகையில் இந்தக் கண்டுபிடிப்புக்கு எங்கள் வீடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. 10 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள அந்தப் பிளாஸ்டரில் 18 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 24 மணி நேரத்தில் உடலுக்குள் செல்வது 9.5 மில்லிகிராம். செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மருந்து தானாக நகர்வதுதான் இதன் இயக்கம் என்பதால், கடைசி மணி நேரம் வரை அது ஒரே சீராக நகர வேண்டுமானால் உள்ளே மிச்சம் இருந்தே ஆக வேண்டும். ஆகவே உரித்தெடுத்த பிளாஸ்டர் வெறும் குப்பை அல்ல. உரிக்காமல் விட்ட பிளாஸ்டரோ, தன் வேலையை நிறுத்துவதில்லை.

நான் கொழும்புக்குப் போயிருந்த நாட்களில் மச்சாள் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். நான் திரும்பி வந்த காலையில் அம்மா வியர்த்துக் கொட்டி, வாந்தியெடுத்து, எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடினார். வைத்தியசாலையில் தாதி நாடியைப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக அம்மாவின் சட்டையைக் கழற்றி முதுகு முழுவதையும் பார்த்தார். தோள்பட்டைக்குக் கீழே ஒன்று ஒட்டியிருந்தது. இடுப்பு மடிப்பில், பாவாடை நாடாவுக்கு அடியில் இன்னொன்று. “இதில எது இண்டைக்கு ஒட்டினது, அக்கா?” என்று கேட்டார். மச்சாளாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. இரண்டும் ஒரே நிறம், ஒரே அச்சு, ஒரே பளபளப்பு. தோல் புண்ணாகாமலிருக்க ஒட்டிய இடத்திலேயே 14 நாட்களுக்குள் மீண்டும் ஒட்டக் கூடாது என்பது இந்த மருந்தின் விதி. ஆகவே பழையது எப்போதும் வேறோர் இடத்திலேயே இருக்கும். முதியவர் ஒருவரின் முதுகில், துணிக்கு அடியில் இருக்கும். மச்சாள் கவனமில்லாதவர் என்று யாராவது எழுத வந்தால், தயவுசெய்து எழுத வேண்டாம். அம்மாவை அவரைப் போல் பார்த்துக்கொள்ள எனக்கே வராது. ஒன்று மற்றதிலிருந்து வேறுபடாதபடி செய்யப்பட்ட பொருளின் குறை அது.

அதன் பிறகு, ஒட்டுவதற்கு முன்பே பிளாஸ்டரின் மேற்புறத்தில் திகதியை எழுதிப் பார்த்தோம். பேனை வழுக்கியது. மார்க்கர் எழுதியது, மாலைக்குள் வியர்வையிலும் சட்டைத் துணியிலும் அழிந்து நீலக் கறையாயிற்று. மேற்படலத்தின் ஓர் ஓரத்தை எழுத்தைப் பிடிக்கின்ற சொரசொரப்போடு விட்டால் போதாதா? அல்லது கிழமையின் ஏழு நாட்களுக்கும் ஏழு நிறக் கோடுகள் இட்டால் என்ன? மேற்படலத்தில் அழியாத அச்சு முடியாத காரியம் அல்ல. ஃபென்டனில் என்ற கடும் வலிநிவாரணியின் பிளாஸ்டர்கள் கண்ணுக்குத் தெரியாமல் உடலில் தங்கியும் கழன்று விழுந்தும் ஆபத்து விளைத்ததனால், அவற்றின் பெயரையும் அளவையும் தெளிவாகத் தெரியும் நிறத்தில், நீடித்து நிற்கும் மையால் அச்சிட வேண்டுமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013 இல் பணித்தது.

அடுத்தது உறை. சிறுவர்கள் பிரிக்கக் கூடாது என்பதற்காக அது கையால் கிழியாத தாளில் வருகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூட்டு வாதமுள்ள ஒருவர் கத்தரிக்கோலால் வெட்டும்போது உள்ளிருக்கும் பிளாஸ்டரின் ஓரமும் வெட்டுப்பட்டுப் போகிறது. வெட்ட வேண்டிய கோட்டுக்கும் பிளாஸ்டருக்கும் இடையில் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டால் இந்தக் கவலை இல்லை. பிறகு பசையை மூடியிருக்கும் பின்தாள். நடுவில் ஒரு கீறல் மட்டும் இருந்தால், பிளாஸ்டரை வளைத்து, கீறலின் விளிம்பு எழும்பும் வரை நகத்தால் நிமிண்ட வேண்டும்; நகம் வெட்டியிருந்தால் அதுவும் நடக்காது. இரண்டு பாதித் தாள்களும் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறிக் கிடந்து, மேலே உள்ளதற்கு ஒரு சிறு நாக்கு நீண்டிருந்தால், விரல் பசையில் படாமலே ஒரு பாதியை உரித்து ஒட்டி, மறு பாதியை இழுத்துவிடலாம். மருந்து விரலில் பட்டு, அந்த விரல் கண்ணில் படுகின்ற ஆபத்தும் குறையும்.

எங்கள் ஊர் வெப்பத்தையும் சொல்லியாக வேண்டும். கச்சான் காற்று வீசுகின்ற மாதங்களில் மின்விசிறிக்குக் கீழே இருந்தாலும் முதுகு நனைந்திருக்கும். வெப்பத்தில் பசை இளகி ஓரங்களால் வழிகிறது. அதில் தூசியும் நூலும் பவுடரும் படிந்து, பிளாஸ்டரைச் சுற்றிக் கறுப்பு வளையமாக ஒட்டிக்கொள்கிறது. “முதுகில என்னவோ ஊருது பிள்ளை, எடுத்து விடு” என்று அம்மா சொல்வது பெரும்பாலும் இந்த வளையத்தைத்தான். மூலைகள் வட்டமாக இருந்தால் துணியில் மாட்டிக் கிளம்புவது குறையும். காற்றுப் புகும் படலமாக இருந்தால் வியர்வை வெளியேறும் என்பது உண்மையே. ஆனால் காற்றுப் புகாமல் மூடி வைப்பதனால் தோலின் வெளி அடுக்கு ஈரமுற்று மருந்துக்கு வழிவிடுகிறது என்பதையும் படித்திருக்கிறேன். எனவே படலத்தை மாற்றினால் மருந்தின் அளவும் மாறிவிடக்கூடும். மருந்துள்ள நடுப்பகுதியை அப்படியே மூடி வைத்து, ஓர விளிம்பை மட்டும் மென்மையான, மூச்சுவிடும் பட்டையாக்க முடியுமா என்று நீங்கள் ஆராய வேண்டும்.

எண்ணெய் முழுக்கு உள்ள வீடுகளில் ஒட்டும் வேளையும் முக்கியம். எண்ணெயோ பவுடரோ பட்ட தோலில் எந்தப் பசையும் நிற்காது. உரிக்கும்போது நிலைமை நேர்மாறு. முதியவர்களின் தோல் மெல்லியது. மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் மேற்தோல் கூடவே வரும். தோலோடு படிந்தவாறு, பின்னோக்கி மடித்து மெதுவாக உரிக்க வேண்டும். மிஞ்சிய பசையைத் தேங்காயெண்ணெய் எடுத்துவிடும். உரிப்பதற்கென்று ஒரு மூலையில் பசையில்லாத பிடி வைத்திருந்தால் நகத்தால் சுரண்டுகின்ற பாவம் எங்களுக்கு வராது. ஒட்டுவதற்குத் தாளில் கீறல் போட்டவர்கள், உரிப்பதற்கு ஒன்றும் செய்யவில்லை.

இங்குள்ள ஒரு மருந்தகத்தில் பெட்டியைப் பிரித்துத் தனித்தனி உறையாகத் தருகிறார்கள். விலை காரணமாக நாங்களும் அப்படித்தான் வாங்குகிறோம். விளக்கத் தாள் பெட்டியோடு கடையிலேயே நின்றுவிடுகிறது. கேட்டு வாங்கினாலும் அதில் தமிழ் இல்லை. இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று எழுதி வைத்திருப்பதால் அம்மாவுக்கு என்ன பயன்? பணத்தை மிச்சப்படுத்த ஒன்றை இரண்டாக வெட்டி ஒட்டுகின்றவர்களை எனக்குத் தெரியும். லிடொகைன் வலிப் பிளாஸ்டரை ஒட்டுவதற்கு முன் வெட்டலாம். ரிவாஸ்டிக்மின் பிளாஸ்டரை வெட்டக் கூடாது. பார்வைக்கு இரண்டும் பிளாஸ்டர்தானே? பெட்டியிலும் தாளிலும் உள்ள எச்சரிக்கை, ஒவ்வோர் உறையிலும் படமாகவே இருக்க வேண்டும்: வெட்டக் கூடாது என்பதும், பழையதை முதலில் எடு என்பதும், பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து எறி என்பதும். வெந்நீரும் சூடான ஒத்தடமும் ஆகாது என்பதையும் சேருங்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உட்செல்லும். அம்மாவைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அழைத்துப் போக உறவினர்கள் ஆசைப்பட்டபோது நான் தடுத்ததற்கு இதுவே காரணம்.

சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் குழைத்துப் பூசும் பற்றும், கட்டும், மருந்து தோய்த்த சீலையும் இருக்கின்றனவே, இந்தப் பிளாஸ்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றை நான் மதிக்கிறேன். முழங்கால் வீக்கத்துக்கு எங்கள் வீட்டில் இன்றும் பற்றுத்தான். இது குருதிக்குள் அளந்து செல்ல வேண்டிய மருந்து என்பதால் அந்த ஒப்பீடு பொருந்தாது.

உங்கள் மாதிரியை இளம் தன்னார்வலர்களின் முன்கையில் மட்டும் ஒட்டிப் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் உறையைக் கொடுங்கள். கண்ணாடி இல்லாமல், வியர்த்த கையால், இன்னொருவரின் முதுகில் ஒட்டச் சொல்லுங்கள். மறுநாள் வேறொருவரை அழைத்து, அதைத் தேடிக் கண்டுபிடித்து உரிக்கச் சொல்லுங்கள்.