9 மாச பாப்பாவுக்கு சளிக்கு தேன் குடுக்கலாமா?

கேள்வி: வீட்ல எல்லாருக்கும் சளி, மூக்கடைப்பு. நான் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறேன், நல்லாருக்கு. பையனுக்கு 6 வயசு, பாப்பாவுக்கு 9 மாசம். பையனுக்கும் ஆவி பிடிக்க வைக்கலாமா? பாப்பாவுக்கு துளசிச் சாறுல தேன் குழைச்சு குடுக்கச் சொல்றாங்க, குடுக்கட்டுமா?

பதில்: முதல்ல பாப்பா விஷயம். தேன் வேண்டவே வேண்டாம்ங்க. 1 வயசு முடியற வரைக்கும் நாக்குல தடவக்கூட கூடாது. தேன்ல சில சமயம் ஒரு பாக்டீரியாவோட ஸ்போர், அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்குற கிருமி, இருக்கும், நம்ம குடல்ல அது ஒண்ணும் பண்ணாது, ஆனா கைக்குழந்தை குடல்ல முளைச்சு நஞ்சை விட்டா குழந்தை அழக்கூட தெம்பில்லாம துவண்டு போயிடும், பாட்டுலிசம்னு பேரு, தேனை சூடு பண்ணாலும் அந்த ஸ்போர் சாகாது. துளசி நல்ல செடிதான், அதுக்காக இந்த வயசுல சாறு எதுவும் வேணாம். கற்பூரம் கலந்த தைலமும் 2 வயசு வரைக்கும் தள்ளியே வைங்க, வாய்க்குள்ள போனா வலிப்பே வரும். பால் குடுக்குறதுக்கு முன்னாடி சலைன் டிராப்ஸ், அதான் மூக்குக்குன்னு வர்ற உப்புத்தண்ணி சொட்டு மருந்து, மூக்குல 2 சொட்டு விடுங்க, மூச்சு விட்டுக்கிட்டு குடிக்கும்.

பையனுக்கு கொதிக்கிற பாத்திரத்து முன்னாடி ஆவி வேணாம். போர்வைக்குள்ள பிள்ளைங்க ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, பாத்திரம் கவிழ்ந்தா தொடையெல்லாம் வெந்துடும், இத நினைச்சாலே எனக்கு பதறுது. அவனுக்கு தேன் குடுக்கலாம், கற்பூரவள்ளி இலை ரெண்ட அனல்ல வாட்டி பிழிஞ்சு, அந்தச் சாறுல தேன் கலந்து ராத்திரி குடுங்க, இருமல் அடங்கி தூங்குவான்.

நீங்க தாராளமா ஆவி பிடிங்க, ஆனா அடுப்புலேருந்து இறக்கி வச்சுட்டு. மூக்கடைப்புன்னா சளி மட்டும் இல்ல, உள்ள இருக்குற ரத்தக்குழாயும் வீங்கியிருக்கும். ஈரச்சூட்டுக்கு சளி இளகும், வைரஸ் சாகாது, சளி சரியாக 7 லேருந்து 10 நாள் ஆகத்தான் செய்யும்.

நெஞ்சுச் சளி கட்டியா இருந்தா ஆடாதோடை. சளி சிரப்ல வர்ற புரோம்ஹெக்சின் இந்த இலையில இருக்குற வாசிசின்ங்கற பொருளை வச்சு உருவாக்குனதுதான். வலுவான மருந்து, கர்ப்பமா இருக்குறவங்க தொடக்கூடாது.

பாப்பா பால் குடிக்கலேன்னாலோ, மூச்சு வேகமா வாங்கி விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ கஷாயம் எதையும் யோசிக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.