சாவியைத் திருகினால் கார் சில நேரம் ஸ்டார்ட் ஆகிறது, சில நேரம் ஆவதில்லை. இக்னிஷன் சுவிட்ச் (சாவி திருகும்போது மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) போய்விட்டதா?

இருக்கலாம். ஆனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், டெர்மினல்கள் (வயர் மாட்டும் முனைகள்) இறுக்கமாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் நியூட்ரலில் வைத்தும் முயன்று பாருங்கள்.

அதெல்லாம் சரி என்றால், சாவியை ஆன் நிலையில் வைத்து லேசாக ஆட்டுங்கள். டேஷ்போர்டு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தால் சுவிட்ச் மேல்தான் சந்தேகம். மல்டிமீட்டர் (வோல்டேஜ் அளக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது: ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லி, சுவிட்சுக்கு உள்ளே வரும் வயரிலும் ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரிலும் வோல்டேஜ் பாருங்கள். உள்ளே வருவது வெளியே போகவில்லை என்றால் சுவிட்ச்தான் பழுது.

மாற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருக்கிறது, இதில் அவசரமே கூடாது. பிறகு ஸ்டீயரிங் தண்டின் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால், பெரும்பாலான வண்டிகளில் சாவித் துளைக்குப் பின்புறம் சுவிட்ச் தெரியும். கனெக்டரைப் பிடுங்கியதும் அதன் பின்களைக் கவனியுங்கள். பழுப்பேறியோ உருகியோ இருந்தால் கனெக்டரையும் மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புது சுவிட்சும் சூடாகிக் கருகும்.

சாவியே திருக மறுத்தால் அது பெரும்பாலும் லாக் சிலிண்டர் (சாவி நுழையும் பூட்டு) கோளாறு, வேறு வேலை.