அக்டோபர் 2-இல் பீர் விருந்து: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நானும் மனைவியும் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். எங்கள் கல்யாண நாள் அக்டோபர் 3. அதையொட்டி மும்பையில் உள்ள ஒரு டூர் ஏஜென்சியிடம், மங்களூரிலிருந்து கோகர்ணம் வரை ஐந்து நாள் ‘கடலோரச் சாப்பாடும் பீரும்’ என்ற பேக்கேஜ் எடுத்தோம். இருவருக்கும் சேர்த்து 68,000 ரூபாய். மூன்றாம் நாள் ராத்திரி மல்பே பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஆறு வகை பீரோடு மீன் விருந்து என்று போட்டிருந்தார்கள். அதற்காகத்தான் இந்தப் பேக்கேஜையே எடுத்தோம். போய் உட்கார்ந்த பிறகு, “இன்றைக்கு டிரை டே சார்” என்று லைம் சோடா வைத்தார்கள். அன்று அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, மது விற்கக் கூடாத நாள். அரசு உத்தரவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது ஏஜென்சி. 3,000 ரூபாய் வவுச்சர் தருகிறார்களாம். வழக்கு என்றால் மும்பையில்தான் போட முடியும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: திடீரென்று ஒரு தலைவர் இறந்து, அன்று காலையில் அரசு மதுக்கடைகளை மூடச் சொல்லியிருந்தால் ஏஜென்சி சொல்வதில் நியாயம் இருந்திருக்கும். காந்தி ஜெயந்தி அப்படியா? தினசரிக் காலண்டரில் சிவப்பு எழுத்தில் நிற்கிற நாள். அதை எதிர்பாராத நிகழ்வு என்று வாதாட வருகிற வக்கீலை எனக்கும் பார்க்க ஆசைதான்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. செய்ய முடியாதது அல்லது சட்டவிரோதமானது என்று தெரிந்தோ, கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ ஒருவர் வாக்குக் கொடுத்து, அது எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் இருந்தால், வாக்குக் கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும்.

சிக்கல் அந்த ‘எதிர்த்தரப்புக்குத் தெரியாமல்’ என்பதில் இருக்கிறது. “பெங்களூரில் குடியிருக்கும் உங்களுக்கு மட்டும் அக்டோபர் 2 தெரியாதா?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். தேதியைச் சொன்னது யார் என்று உங்கள் வாட்ஸ்அப்பில் தேடுங்கள். கல்யாண நாளை மட்டும் நீங்கள் சொல்லி, எந்த நாளில் எந்த ஊர், எந்த விருந்து என்று வரிசைப்படுத்தியது அவர்கள் என்றால், கேஸ் பலமாகிவிடும். அதே விருந்தை அக்டோபர் 1-லோ 3-லோ வைத்திருக்கலாமே! அப்புறம் இது வெறும் ஒப்பந்த விவகாரம் மட்டுமல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடும்கூட.

மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழிவிடுகிறது. பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம் (என் தொழிலுக்கு விரோதமாகப் பேசுகிறேன்). மனைவியையும் புகார்தாரராகச் சேருங்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தாலும் அவரும் நுகர்வோர்தான்.

முதலில் நடந்ததை எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து ஏஜென்சிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சில நிறுவனங்கள் அதிலேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் நுகர்வோர் ஆணையங்களுக்கு ஆன்லைனில் புகார் கொடுக்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் புகார். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் அதற்கு மேலும் இழுக்கும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது? 68,000 முழுவதையும் கேட்காதீர்கள். மங்களூரில் கோரி ரொட்டி, கிழங்கான் மீன் ரவா வறுவல் (அங்கே ‘காணே’ என்பார்கள்) எல்லாம் சாப்பிட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் சௌபர்ணிகா ஆறுமாக மரவந்தேயில் காரையும் நிறுத்தியிருப்பீர்கள். அதையெல்லாம் அனுபவித்துவிட்டு முழுப் பணத்தையும் கேட்டால் ஆணையத்தில் முகம் சுளிப்பார்கள். விருந்துக்கு உரிய பங்கு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு, இவ்வளவு போதும். விளம்பரத்தில் அந்த ராத்திரியைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள் என்றால் அதன் பங்கைக் கூட்டிக் கேட்கலாம். அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் போன மறுநாளே அது தளத்திலிருந்து மாயமாகலாம்.

“பீரை யாருக்கும் தெரியாமல் ஸ்டீல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கலாமே” என்று புகாரில் எழுதிவிடாதீர்கள். நண்பர்கள் சொல்லத்தான் செய்வார்கள். சட்டத்தை மீறாததற்காக இழப்பீடு கேட்கிறீர்கள் என்று ஆகிவிடும். உங்கள் குறை, நடக்க முடியாத விருந்தை விற்றார்கள் என்பதுதான்.

அந்த வவுச்சரைத் தொடாதீர்கள். வாங்கும்போது ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்று ஒரு கையெழுத்துக் கேட்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். ரிசார்ட் பில்லைப் பத்திரமாக வையுங்கள்: தேதியும் இருக்கும், என்ன பரிமாறினார்கள் என்பதும் இருக்கும். லைம் சோடாவுக்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.