வால் துண்டும் விடுதலைப் பத்திரமும்

மேடம்,

எனக்கு வயது 46, ஊர் தூத்துக்குடி பக்கம். வீட்டில் சீலா மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அண்ணனுக்கு, வால் எனக்கு. அப்போது அது குறையாகத் தெரியவில்லை. இப்போதும் வாலைத்தான் எடுக்கிறேன், பழகிவிட்டது. அண்ணன் இன்ஜினியரிங் படித்தார். என்னை பிளஸ் டூவோடு நிறுத்தி டைப்ரைட்டிங் அனுப்பினார்கள்.

அப்பா தவறி இரண்டு வருஷம். உயில் எதுவும் எழுதவில்லை. இடுப்பெலும்பு முறிந்த அம்மா என் வீட்டில்தான் இருக்கிறாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். போன வாரம் அண்ணன் வந்தார். நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த கடலைமிட்டாயைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அப்பா கட்டிய வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். "உனக்குத்தான் முப்பது பவுன் போட்டாச்சே" என்கிறாள் அம்மா. விட்டுக்கொடுக்க மனமில்லை, பங்கு கேட்கவும் கூசுகிறது. நான் பேராசைக்காரியா?

அன்புச் சகோதரிக்கு,

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த 1989, 2005 திருத்தங்களைச் சொல்லிக் குழப்புவார்கள். அவை பூர்வீகச் சொத்துக்கானவை. அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் போன வீட்டில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி இல்லையென்றால் அம்மா, அண்ணன், நீங்கள் என்று ஆளுக்கு மூன்றில் ஒன்று. கல்யாண நகையை இதில் கழிக்க முடியாது. பதிவாகிவிட்ட விடுதலைப் பத்திரத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. அதனால் இப்போதைக்குப் பேனாவைத் தொடாதீர்கள்.

எனக்கு உறுத்தியது "இப்போதும் வாலைத்தான் எடுக்கிறேன்" என்ற வரி. பரிமாறுவது நீங்கள்தானே! கையெழுத்துப் போட்டால் அம்மா நம்மையும் ஒரு தடவை பார்ப்பாள் என்று ஒரு மூலையில் நினைக்கிறீர்களோ? பார்க்க மாட்டாள். பங்கு வாங்கினாலும் அந்த மிட்டாய் உங்களிடம் வராது. வீடு ஒரு கணக்கு, அம்மாவின் கண் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுவதால்தான் கேட்கக் கூசுகிறது. பேராசைக்காரிக்குக் கூச்சம் வராது.

அண்ணனிடம் "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். கூடவே அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவில் பாதியைக் கேளுங்கள். பெற்றவளைப் பார்ப்பது அவர் கடமையும்தான். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அம்மாவுக்குத் தலை வாரிவிடும் ஒரு மதியம், அண்ணன் இல்லாத நேரமாக, "அந்த மிட்டாய் நான் வாங்கினதும்மா, எனக்கு வலிச்சுது" என்று சொல்லிப் பாருங்கள். அவள் சும்மா இருந்துவிடலாம், முப்பது பவுனை மறுபடி இழுக்கவும் செய்யலாம். வாரி முடித்து எழுந்து வந்துவிடுங்கள். அன்று நடந்ததை எனக்கு எழுதுங்கள்.