டோனோ கவர் போட்டும் பிக்கப் பெட்டுக்குள் தண்ணீர் வருகிறதா? மூடியை மாற்றுவதற்கு முன் ரப்பரைப் பாருங்கள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். வண்டி இசுஸு வி-கிராஸ் டபுள் கேப் பிக்கப். வார நாட்களில் உரமூட்டை, தேங்காய், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் ஏற்றுவோம். விடுமுறையில் அதே வண்டியில் குடும்பத்தோடு வால்பாறை போவோம். பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பெட்டை மூட, ஆன்லைனில் சுருட்டி வைக்கும் துணி டோனோ கவர் (பெட்டின் மேல்மூடி) ஒன்று வாங்கிப் பூட்டினேன். மழையில் மலை ஏறி இறங்கினால் உள்ளே வைத்த பைகள் நனைந்துவிடுகின்றன. ரோலர் ஷட்டருக்கு மாறினால் சரியாகுமா, அல்லது ஃபைபர் மூடி போடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் வைத்திருக்கும் துணி ஒழுகுவதற்கு வாய்ப்பு குறைவு. பாலியெஸ்டர் துணிமேல் பிவிசி பூசிய கவர், கிழிந்தால் அல்லது தையல் விட்டால் தவிர தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீர் வருவது அதைச் சுற்றியுள்ள இடைவெளிகள் வழியாக: கேபினை ஒட்டிய முன் சுவரின் மேல் விளிம்பு, கவரைத் தாங்கும் பக்கவாட்டு ரெயிலுக்கும் பாடிக்கும் நடுவே, டெயில்கேட்டின் இரு பக்கமும் அடியும். இதைவிடப் பல மடங்கு விலையுள்ள மூடியும் அதே பெட்டின் மேல்தான் உட்காரும். இந்த இடைவெளிகளை அடைக்காமல் மூடியை மட்டும் மாற்றினால், அடுத்த மழையிலும் பை நனையும்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். பெட்டை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, தரை முழுக்கச் செய்தித்தாள் விரியுங்கள். கவரை மூடி, டெயில்கேட்டைச் சாத்தி, சாதாரணத் தோட்டக் குழாயால் தண்ணீர் விடுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் பிரஷர் கன் வேண்டாம். அந்த அழுத்தத்தில் எந்த ரப்பரும் வழிவிடும்; அதை வைத்து மழையைக் கணிக்க முடியாது. இதில் பலரும் தவறுவது வரிசையில். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து, எங்கே புகுந்தது என்றே தெரியாது. கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் டெயில்கேட்டின் அடி, பிறகு அதன் பக்கங்கள், பிறகு பக்கவாட்டு ரெயில், கடைசியில் முன் சுவரும் கவரின் மேற்பரப்பும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு நிமிடம் விட்டு, திறந்து, தாளில் ஈரம் எங்கே பட்டிருக்கிறது என்று பாருங்கள். பட்ட இடத்துக்கு மேலே உள்ள இணைப்புதான் பெரும்பாலும் குற்றவாளி.

சமதளத்தில் சோதித்ததோடு நிறுத்த வேண்டாம். உங்கள் சிக்கலே சரிவில்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே நிற்பதால், ரெயில் பள்ளத்தில் சேரும் தண்ணீரெல்லாம் பின்னால் ஓடி டெயில்கேட் மூலைகளில் கொட்டும். இறங்கும்போது எல்லாம் முன்னால் ஓடி, கேபினுக்குப் பின்னால் குளம் கட்டும். அங்கே ரப்பர் சரியாக ஒட்டவில்லையென்றால் முன் சுவர் வழியாகவே உள்ளே இறங்கும். வீட்டு வாசலில் ஒரு சொட்டுகூட ஒழுகாத கவர் மலையில் ஒழுகுவதற்குக் காரணம் இதுதான். வண்டியை ஒரு சரிவில் மூக்கு மேலாக ஒரு முறையும், மூக்கு கீழாக ஒரு முறையும் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அதே சோதனையைச் செய்யுங்கள்.

முன் சுவர்

கிட்டோடு வரும் ஸ்பாஞ்ச் பட்டையை முன் சுவரின் மேல் விளிம்பில் ஒட்டியிருப்பார்கள். பாலிஷ் போட்ட பாடியில், தூசியை மட்டும் தட்டிவிட்டு ஒட்டினால் சில மாதத்தில் வாயைப் பிளக்கும். பழைய பட்டையை முழுக்க உரித்து, பசையை எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, அது காய்ந்த பிறகு ஈபிடிஎம் (வெயில் மழையைத் தாங்கும் செயற்கை ரப்பர்) பட்டையை ஒரே துண்டாக ஒட்டுங்கள். நடுவில் ஒட்டு வேண்டாம். இரு முனைகளும் மூலையில் நின்றுவிடாமல், பக்கவாட்டு ரெயிலுக்கு அடியில் ஐந்தாறு சென்டிமீட்டராவது திரும்பிப் போக வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் பிறக்கிறது.

மூலையில் உள்ள இடுக்கை அடைக்கப் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) நல்லது. சிலிக்கான்தான் கிடைத்தது என்றால், நியூட்ரல் வகையாகக் கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அமிலத்தை விடும். பெயின்ட் கீறியிருந்தால் அங்கே துரு பிடிக்கும்.

ரெயிலின் முன் முனைகளில் வடிகுழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கவர்களில் குழாயைக் கிட்டோடு கொடுத்தும், பூட்டியவர் போடாமல் விட்டிருப்பார். அதைப் பெட்டின் தரையில் ஏற்கெனவே உள்ள துளை வழியாக வெளியே கொண்டுபோக வேண்டும். வழியில் மடியக்கூடாது, எங்கும் மேடேறக்கூடாது. தேங்காய் ஏற்றுகிற வண்டியில் நார்த்தூள் இந்தக் குழாயைச் சீக்கிரம் அடைத்துவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் மேலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே உடனே வடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டெயில்கேட்

கார் டிக்கியைப் போல டெயில்கேட்டுக்கு ரப்பர் வைத்து மூடியிருக்க மாட்டார்கள். மணலும் தண்ணீரும் வெளியேறட்டும் என்றே அங்கே இடைவெளி விடுகிறார்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், சக்கரம் கிளப்பும் தூசியும் நீர்த்தூறலும் அந்த இடைவெளி வழியாக உள்ளே இழுக்கப்படுகின்றன. வெயில் காலத்தில் பைகளின் மேல் செம்மண் படிந்திருந்தால் அதுவும் இந்த வழியாக வந்ததுதான்.

உதிரிபாகக் கடையில் உள்ளே குழல்போல் காலியாக இருக்கும் ரப்பர் பீடிங் கேளுங்கள். தட்டையான ஸ்பாஞ்ச் இங்கே உதவாது. ஒரு மழைக்காலத்தில் அழுந்திச் செத்துவிடும். உங்கள் பெட்டின் அகலம் சுமார் 1,530 மி.மீ., உயரம் சுமார் 465 மி.மீ. அடியையும் இரு பக்கத்தையும் கூட்டினால் இரண்டரை மீட்டர். மூன்று மீட்டர் வாங்கினால் போதும். பருமனைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். களிமண் உருண்டைகளைப் பாலிதீன் தாளில் சுற்றி, மூன்று நான்கு இடங்களில் வைத்து டெயில்கேட்டைச் சாத்தித் திறங்கள். உருண்டை எவ்வளவு தடிமனாக நசுங்கியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகப் பருமனுள்ள பீடிங் சரியாக அழுந்தும். இன்னும் பருத்தால் ஒரு பக்கத் தாழ்ப்பாள் மட்டும் விழும். மறுபக்கம் விழுந்ததுபோலத் தெரியும், ஆனால் பிடித்திருக்காது. மேட்டில் ஏறும்போது டெயில்கேட் திறந்துகொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது. ஒட்டியபின் டெயில்கேட்டைச் சாத்தி, அதன் இரு முனைகளையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

பிறகு தாள் சோதனை. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டை ரப்பரின் மேல் வைத்து மூடி, வெளியிலிருந்து இழுங்கள். இழுக்கும்போது பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் படவில்லை. ஒரு சாண் விட்டு ஒரு சாண் என்று சுற்றிலும் பாருங்கள்.

அடியையும் அடைத்தபின் பெட்டின் தரைத் துளைகள்தான் தண்ணீருக்கு ஒரே வழி. அவை திறந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடிப் பீடிங்கை ஒட்டுங்கள். பெட்டைக் கழுவும்போது டெயில்கேட்டைத் திறந்து வையுங்கள்.

ரெயிலும் லைனரும்

பெட்டுக்குள் பிளாஸ்டிக் லைனர் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். சில லைனர்கள் பாடியின் மேல் விளிம்பையும் மடித்து மூடும். அதன் மேல் ரெயிலைப் பிடிக்கும் கிளாம்ப் போட்டால், அது பிடிப்பது இரும்பை அல்ல, வழுக்கும் பிளாஸ்டிக்கை. வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்க, கிளாம்ப் தளர்ந்து, ரெயில் மெல்ல விலகும். கிளாம்ப் வரும் இடங்களில் மட்டும் லைனரை வெட்டி, இரும்பு நேராகப் பிடிபடும்படி செய்ய வேண்டும். லைனரை ஒரு முறை முழுக்கத் தூக்கி அடியிலும் பாருங்கள். மணலும் உரத்தூளும் அங்கே சிக்கி, வண்டியின் அதிர்வில் பெயின்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். உரத்தின் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் துரு வேகமாக ஓடும். தோப்பு வண்டிக்கு, லைனருக்குப் பதிலாகத் தரையோடு ஒட்டித் தெளிக்கும் பாலியூரியா பூச்சுதான் என் முதல் தேர்வு.

ரெயிலை மறுபடி பூட்டும்போது கிளாம்ப்களை முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் டேப் வைத்து அளந்து, இரண்டும் ஐந்து மி.மீ.க்குள் ஒத்துவரும்வரை ரெயிலை நகர்த்துங்கள். மூலைமட்டம் வராமல் முடுக்கினால் கவர் ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் சுருக்கம் விழுந்து, அந்தச் சுருக்கத்தில் தண்ணீர் தேங்கும். கடைசி முடுக்கையும் அளவோடு செய்யுங்கள். ரெயில் அலுமினியம், அதிக பலம் கொடுத்தால் வளைந்து, கிளாம்ப்களுக்கு நடுவே மேலெழும்பி, புதிய இடைவெளியை உண்டாக்கும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். பாடியில் துளை போட்டால்தான் நிற்கும் என்று சொல்லும் கடையைத் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே துளை போட்டிருந்தால், பிசிறை அரத்தால் தேய்த்து, துத்தநாக ப்ரைமர் அடித்து, பெயின்ட் தொட்ட பிறகே போல்ட்டைத் திருப்பிப் போடுங்கள்.

ரோலர் ஷட்டர், ஃபைபர், மடக்கு மூடி

இவ்வளவும் செய்தபிறகும் மாற்ற வேண்டும் என்று தோன்றினால், எப்படிச் சரக்கு ஏற்றுகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். ரோலர் ஷட்டர் பூட்டுக்கும் வசதிக்கும் நல்ல பொருள்தான். ஆனால் அது சுருண்டு உட்காரும் பெட்டி, பெட்டின் முன்பக்கத்தில் 20 முதல் 25 செ.மீ. வரை பிடித்துக்கொள்ளும். உங்கள் பெட்டின் நீளமே சுமார் 1,485 மி.மீ.; ஆறில் ஒரு பங்கு வரை அங்கேயே போய்விடும். பக்கத் தடத்தில் நார்த்தூளும் மணலும் ஏறினால் சட்டங்கள் இறுகும். பெட்டியின் வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் நிரம்பும். தேங்காய் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே பலகையான ஃபைபர் மூடியில் இணைப்பே இல்லாததால் மழையை நன்றாகத் தடுக்கும். ஆனால் அரை மீட்டருக்கும் குறைவான உயரத்தில் அடங்கும் சரக்கு மட்டும்தான் ஏற்ற முடியும். நிமிர்த்தி வைத்த தேங்காய் மூட்டைக்கு ஒவ்வொரு முறையும் இருவர் சேர்ந்து மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். உங்கள் வேலைக்குப் பொருந்துவது மூன்றாக மடியும் அலுமினிய மூடி. பலகைகளுக்கு நடுவே உள்ள கீல் இணைப்பு காலப்போக்கில் ஒழுகலாம். அதன் ரப்பரைத் தனியாக மாற்றும் வசதியுள்ளதாக வாங்குங்கள். கத்தியால் கீறித் திறக்க முடியாது என்பதும் இதன் நன்மை. ஆனால் டெயில்கேட்டுக்குச் சாவிப் பூட்டு இல்லையென்றால் எந்தக் கெட்டி மூடியும் பாதுகாப்பு தராது.

வாங்கும்போது தலைமுறையைக் கவனியுங்கள். உங்கள் வி-கிராஸ், இசுஸு டி-மேக்ஸ் வரிசையைச் சேர்ந்தது. டி-மேக்ஸின் புதிய தலைமுறை 2019-இல் தாய்லாந்தில் அறிமுகமானது. 2021-இல் இந்தியாவில் வந்த பிஎஸ்6 வி-கிராஸ் அதற்கு முந்தைய தலைமுறை பாடியிலேயே வந்தது. தாய்லாந்து, ஆஸ்திரேலியச் சந்தைக்கென்று '2020 டி-மேக்ஸ்' எனப் போட்டு விற்கும் கவரை ஆண்டை மட்டும் பார்த்து வாங்கினால் பொருந்தாது. அமெரிக்க அளவான ஐந்தரை அடி, ஆறரை அடிக் கவர்களும் அப்படியே. பெட்டின் மேல் ஸ்போர்ட்ஸ் பார் (கேபினுக்குப் பின்னால் நிற்கும் குழாய் வளைவு) இருந்தால் அதற்கென வெட்டு உள்ள மாடல்தான் வேண்டும்.

எடையையும் கணக்கில் எடுங்கள். கெட்டி மூடி சுமார் 25 கிலோவிலிருந்து தொடங்கும். ரோலர் ஷட்டர் 40 கிலோவைத் தாண்டலாம். கிட்டத்தட்ட ஒரு யூரியா மூட்டையின் எடை அது. ஆர்சியில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் ஆட்களுக்கும் மூடிக்கும் சரக்குக்கும் சேர்த்த அளவு. மைலேஜ் கூடும் என்ற விளம்பரத்துக்காக எந்த மூடியையும் வாங்க வேண்டாம். டெயில்கேட் சாத்திய பெட்டுக்குள் காற்று சுழன்று தானே ஒரு மெத்தையாக நிற்கும். கவர் போட்டுக் கிடைக்கும் சேமிப்பு மிகச் சிறியது.

பராமரிப்புக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலியம் கலந்த பளபளப்பு திரவங்கள் பிவிசியின் மென்மையை உறிஞ்சி வெடிக்க வைக்கும். ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும். டீசலும் எஞ்சின் ஆயிலும் பட்டால் ஈபிடிஎம் ஊதி உருக்குலையும். கவர் நனைந்திருக்கும்போது சுருட்டிக் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

மூடிய பெட்டுக்குள் பெட்ரோல் கேன், கேஸ் சிலிண்டர், நாய், ஆடு எதையும் ஏற்ற வேண்டாம். வெயிலில் அதன் உள்ளே வெப்பமும் ஆவியும் வெளியேற வழியில்லை. கவரின் மேல் சுமை வைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் சரக்கைக் கவர் பிடித்துக்கொள்ளும் என்று நம்பவும் கூடாது. மூட்டைகளைத் தரைக் கொக்கிகளில் கயிறு போட்டுக் கட்டிய பிறகே கவரை இழுத்து மூடுங்கள். துணிமணிகளும் மின்கருவிகளும் போகும் நாளில், எந்தக் கவராக இருந்தாலும், அவற்றை ரப்பர் விளிம்புள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். இவ்வகை மூடிகள் மழையைத் தாங்கும் அளவுக்குத்தான் செய்யப்படுகின்றன. ஒரு சொட்டும் புகாத உறுதியை ரோலர் ஷட்டரும் தராது.