வழக்குச் செலவை வெளியார் ஏற்கலாம் என்று சட்டம் வந்தால், சம்பள பாக்கியோடு வேலையிழந்த இளைஞர்களுக்கு உதவுமா?

தனியாக வழக்குப் போடுகிறவருக்குப் பெரும்பாலும் உதவாது. சட்டம் இடம் கொடுத்தாலும் கணக்கு இடிக்கும்.

வழக்குக்குப் பணம் போடும் நிறுவனம் கடன் கொடுப்பதில்லை. தோற்றால் போட்டது போச்சு, ஜெயித்தால் பங்கு. அதனால் கிடைக்கக்கூடிய தொகை செலவைப்போல் சுமார் பத்து மடங்கு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பாக்கி 1 லட்சம், வக்கீல் செலவு 50,000 என்றால் எவ்வளவு நியாயமான வழக்கானாலும் வழக்குக் காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். முதலாளியிடம் வசூலிக்கச் சொத்து இல்லையென்றால் அதோடு முடிந்தது.

சீர்திருத்தம் நடந்த இடங்களையும் பாருங்கள். சிங்கப்பூர் 2017இல் சர்வதேச நடுவர் வழக்குகளுக்கும் (கோர்ட்டுக்குப் பதிலாக, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தீர்ப்பவை), 2021இல் உள்நாட்டு நடுவர் வழக்குகளுக்கும் வழிவிட்டது. ஹாங்காங்கில் 2019இல் அமலான திருத்தமும் நைஜீரியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் நடுவர் விசாரணையைச் சுற்றியவைதான். வியாபாரிகளின் சண்டைக்குத் திறந்த கதவு அது. சம்பள வழக்கு போகிற வழியே வேறு. இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. வக்கீல் அல்லாதவர் பணம் போட்டு, முடிவுக்குப் பின் திரும்பப் பெறுவதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஏ.கே. பாலாஜி வழக்கில் சொன்னது.

உதவக்கூடிய ஒரே வடிவம் கூட்டு வழக்கு. ஒரே நிறுவனம் 300 பேருக்குத் தலைக்கு 1 லட்சம் வைத்திருந்தால் கோரிக்கை 3 கோடி. செலவு 30 லட்சத்துக்குள் அடங்கினால் பேச்சுக்கு வருவார்கள். ஆகவே இளைஞர்களுக்காகத்தான் சீர்திருத்தம் என்றால், முதலில் கூட்டு வழக்கு விதிகளை எளிதாக்க வேண்டும்.  

ஒப்பந்தம் கையில் வந்தால் பங்கு விகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட பணம் முதலில், அதன்மேல் அதன் இரு மடங்கு அல்லது மொத்தத் தொகையில் 30 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். செலவு 10, கிடைத்தது 100 என்றால் அவர்களுக்கு 40, உங்களுக்கு 60. அதே வழக்கு 40க்குச் சமரசமானால் அவர்களுக்கு 30, உங்களுக்கு 10. சமரசம் 30க்கு முடிந்தால் உங்களுக்குச் சுழியம். "30 சதவீதம்தானே" என்று நம்பியவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். விகிதக் கணக்கே இங்கிலாந்தில் சிக்கலானதும் நினைவிருக்கட்டும்: இழப்பீட்டில் சதவீதம் கேட்கும் நிதி ஒப்பந்தங்களும், வக்கீல் ஜெயித்த தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்குவதற்கான விதிகளுக்குள் வரும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2023இல் பாக்கார் வழக்கில் தீர்த்தது. அந்த விதிகளுக்குப் பொருந்தாதவை செல்லாமல் போயின. அதன்பின் பலர் போட்ட பணத்தின் மடங்குக் கணக்குக்கு மாறினார்கள்.

தோற்றால் எதிராளியின் செலவை யார் கட்டுவது என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அந்தச் சுமை உங்கள் தலையில்தான் விழும். சமரசத்துக்கு அவர்கள் சம்மதம் வேண்டுமா, பாதியில் பணத்தை நிறுத்த எத்தனை நாள் அறிவிப்பு தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல, அவர்கள் பணத்தில் வராத ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.