சிவப்பில் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் ஜெயிக்கலாமா?

தம்பி, திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி நண்பர்களோடு கோவா போகிறீர்கள். சூதாட்ட விடுதியில் சுழலும் சக்கரத்தில் பந்து எந்த நிறக் குழியில் விழும் என்று பணம் கட்டும் ரூலெட் ஆட்டத்தில், சிவப்பில் 100 ரூபாய் வைத்து, தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கினால் ஜெயிப்பது உறுதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தயவுசெய்து அதை நம்பி தீபாவளி போனஸை எடுத்துப் போகாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 100, 200, 400 என்று எட்டுச் சுற்று தொடர்ந்து தோற்றால் 25,500 ரூபாய் போயிருக்கும். ஒன்பதாவதற்கு 25,600 வைக்க வேண்டும்; அதில் ஜெயித்தாலும் மிச்சம் வெறும் 100. பெரும்பாலும் அதற்கு முன்பே ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் வைக்கலாம் என்ற மேஜையின் உச்சவரம்பு குறுக்கே நிற்கும். 1913இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. முந்தைய சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒற்றைப் பூஜ்ஜியச் சக்கரத்தில் 37 குழிகள்: சிவப்பு 18, கறுப்பு 18, பச்சை நிறப் பூஜ்ஜியம் ஒன்று. அந்தப் பச்சைதான் விடுதியின் வருமானம், நீங்கள் வைக்கும் நூறு ரூபாய்க்குச் சராசரியாக 2.70 ரூபாய். இரண்டு பூஜ்ஜியம் இருந்தால் 5.26, அந்த மேஜையில் உட்காரவே வேண்டாம்.

ஆட ஆசைதான் என்றால், போனாலும் பரவாயில்லை என்ற தொகையை மட்டும், பணத்துக்குப் பதிலாக மேஜையில் வைக்கும் வில்லைகளாக மாற்றுங்கள். ஆளுக்கொரு நிறத்தில் தருவார்கள். அது அந்த மேஜையில் மட்டுமே செல்லும். எழுந்திருக்கும்முன் மிச்சமுள்ள வில்லைகளை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.